புரட்டித் தைத்த கோட்

சமையல் மேசைமேல் கிடத்தியிருக்கிறேன்
கைகளை விரித்து,
ஆபரேஷனுக்குக் காத்திருப்பவரைப் போல.
ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல்.
வெளியே போரா.
திரியெஸ்தேயில் காற்றுக்கும் பெயர் உண்டு,
சொல்லாமல் வந்து
கதவைத் தட்டும் மைத்துனருக்கு இருப்பதைப் போல.

ஒந்தினா அளவெடுத்துவிட்டுப் போனாள்:
தலையணை உறை இரண்டு,
தோள்பை ஒன்று,
மிச்சம் இருந்தால் அவள் நாய்க்கு ஒரு மேலங்கி.
"நீ இதைப் போட்டு ஒன்பது வருஷம், நீவெஸ்.
வாடகை தராமல் அலமாரியில் குடியிருக்கிறது."
போகிற போக்கில்
சோப்புத் துண்டால் கோடும் கிழித்துவிட்டாள்,
இடுப்பில் ஒன்று,
தோளுக்குக் கீழே ஒன்று.

இருபத்திரண்டு வயதில் வாங்கியது.
துறைமுகத்துக்குப் பின்னால் பழைய சாமான் கடை,
ஒரு வாரச் சம்பளம்.
ஐம்பதுகளின் தையல், சீமாட்டி யாருடையதோ என்றார் கடைக்காரர்.
நம்பினேன்.
கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி
என் தோள்களும் நம்பிவிட்டன.

இதைப் போட்டுக்கொண்டுதான் ஃபுல்வியோவிடம் மாட்டேன் என்றேன்.
மறு மார்கழியில் சரி என்றதும் இதில்தான்.
ஒருமுறை, இழவு வீட்டில்,
யாரோ தன்னுடையது என்று எடுத்துப் போய்விட்டாள்.
நான்கு நாள் வீடுவீடாகப் போன் செய்தேன்.
இறந்தவரின் பெயர்
இப்போது நினைவில் இல்லை.

பட்டன் எட்டுவதில்லை.
மார்பில் நான்கு விரல் இடைவெளி.
அக்குளில் பூச்சி தின்ற ஓட்டைகள்:
எண்ணினேன், பதினேழு.
வைத்துக்கொண்டால் பதினெட்டாகும்.
வெட்டினால் தலையணையாகும்;
அதன்மேல் ஃபுல்வியோ தலை சாய்த்துக்
கால்பந்து பார்ப்பார்.
இரண்டும் மனசுக்கு ஒப்பவில்லை.

சரி, லைனிங்கை மட்டும் பிரிப்போம்,
அது வெட்டுவதில் சேராது என்று
ஊசிமுனையால் நெம்பினேன்.
நீல நூல் வந்தது.
அதன் அடியில் கறுப்பு நூல்.
கறுப்பு நூல் போன துளைகளுக்கு அருகில்
நூலே இல்லாத வேறு துளைகள்,
ஒரு வரிசையாக,
காலி செய்த வீட்டில் ஆணி இருந்த இடம் போல.
தோளில் திணித்திருந்தது ராணுவப் போர்வைத் துண்டு:
கறுப்பு மையில் 7, 1, பாதி 4.
இடது மார்பில் இருக்க வேண்டிய பை
வலது மார்பில் இருப்பதை
நாற்பது வருஷம் நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

சீமாட்டி இல்லை.
யாரோ ஒரு ஆணின் கோட்.
வெளுத்த பக்கத்தை உள்ளே தள்ளி
வெயில் படாத பச்சையை வெளியே புரட்டி
யாரோ யாருக்கோ தைத்திருக்கிறார்கள்.
அன்றும் ஒரு மேசை இருந்திருக்கும்.
அன்றும் ஒருவர் கத்தரிக்கோலை எடுத்து,
வைத்து, எடுத்து.
கை நடுங்கியிருந்தால்
எனக்கு இது கிடைத்திருக்காது.

உள்பக்க முழங்கையில் ஒரு மினுமினுப்பு.
எந்த அலுவலகமோ, எந்த மேசையோ,
ஊன்றி ஊன்றித் தேய்த்திருக்கிறார்.
வெளிப்பக்கம் அதே இடத்தில் என் தேய்மானம்,
படகு டிக்கெட் ஜன்னலில்
முப்பது குளிர்காலம்.
அவர் முழங்கைக்கும் என் முழங்கைக்கும் நடுவே
ஓர் இழை கனம்தான் மிச்சம்.

லைனிங் இல்லாமல் போட்டுப் பார்த்தேன்.
இரண்டு விரல் இடைவெளி.
பிறகு, ஏனென்று தெரியாமல்,
புரட்டிப் போட்டுக்கொண்டேன்.
பை இடது பக்கம் வந்தது,
நெஞ்சுக்கு நேராக,
கை நுழைய வழியில்லாமல்.
அப்படியே இறங்கிப் போய்ப் பால் வாங்கினேன்.
பிசிறு தொங்க, ஏழும் ஒன்றும் பாதி நான்கும் தெரிய.
காற்று ஒருமுறை
உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஒந்தினா போனில்: வெட்டியாயிற்றா?
எது மேல்பக்கம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.
நாயின் கழுத்தளவை மட்டும்
இன்னொரு தரம் சொல்.